பொருந்திய எழுத்துகள்: இருபத்தைந்து

பொதுப் பதிவுகள் தேடல் ஆணையத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது. "இங்கே எதுவும் மறைக்கப்படுவதில்லை. சரியாகக் கேட்டால் போதும்" என்று அதில் எழுதியிருக்கிறது. ஆணையம் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடத்தில் ஒருவர்கூடச் சரியாகக் கேட்கவில்லை என்றால் அதற்கு ஆணையம் என்ன செய்யும்? பலகைக்கு மட்டும் வருடா வருடம் தவறாமல் புது வண்ணம் பூசிவிடுகிறார்கள்.

அந்தப் பலகையை நம்பி உள்ளே போனவர்களில் சாவிக்காரரும் ஒருவர். பேருந்து நிலையத்தை ஒட்டிய நடைபாதையில், கை காலை மடக்கி உட்காரும் அளவுக்கு ஒரு கடை. மாற்றுச்சாவி வெட்டுவார், தொலைந்த சாவிக்குப் பூட்டைப் பார்த்தே புதுச்சாவி செய்வார், சிக்கிக்கொண்ட கதவைத் திறந்து விடுவார். முப்பது வருடத்தில் அவருக்குத் திறக்காத பூட்டு என்று ஒன்று இருந்ததில்லை.

அவர் மனைவி பெரிய மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தாள். தொண்டையில் குழாய் செருகியிருந்ததால் பேச்சு இல்லை. கட்டிலோடு பொருத்தியிருந்த சின்னத் திரையில் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துவாள். இவர் படித்துவிட்டுப் பதில் சொல்லுவார். பத்தாம் நாள் சாயங்காலம், பார்வை நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவள் எதையோ எழுதித் திரையை இவர் பக்கம் திருப்பினாள். அன்றைக்கென்று பார்த்துக் கண்ணாடியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். திரையில் எறும்பு ஊர்வது போல ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். காவலாளி வேறு வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் கண்ணாடியோட வந்து படிக்கிறேன். இப்ப தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் பார்வை நேரம் வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

கட்டிலைக் காலி செய்யும்போது நர்ஸ்தான் சொன்னாள். "நீங்க போனதும் எழுதினத எல்லாம் அழிச்சுட்டு, மறுபடி முதல்ல இருந்து எழுதினாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். யாருக்கும்மா இவ்வளவுன்னு கேட்டேன். நீங்க போன வாசலக் கையக் காட்டினாங்க."

அதைப் படிக்க வேண்டும். சாவிக்காரருக்கு இந்த உலகத்திடம் வேறு கோரிக்கை எதுவும் இல்லை. கட்டில் திரைகளில் எழுதப்படுவதெல்லாம் அன்றாடம் ஆணையத்துக்குப் போய்விடும் என்று மருத்துவமனையில் கையை விரித்தார்கள். கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் ஆணையத்துக்குப் போனார். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

விசாரணைச் சாளரத்தில் இருந்த எழுத்தர் மரியாதையான மனிதர்.

"என்ன தேடுறீங்க?"

"என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில எழுதினதுங்க."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"அது தெரியாமத்தாங்க வந்திருக்கேன்."

"என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சாத்தானே தேட முடியும்?"

"தெரிஞ்சா எதுக்குங்க தேடணும்?"

எழுத்தர் ஒரு தடித்த நோட்டை எடுத்து, இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பட்டியலில் இவரையும் சேர்த்துக்கொண்டார்.

"அவ பேரு, தேதி, கட்டில் நம்பர் எல்லாம் என்கிட்ட இருக்கு. அத வெச்சுத் தேடலாமே" என்றார் சாவிக்காரர்.

"அதெல்லாம் பதிவுல இருந்து நீக்கிட்டோம். அந்தரங்கம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. உங்க மனைவி எழுதினது யாருக்கும் தெரியக்கூடாதில்ல?"

"எனக்குத் தெரியலாம்ல?"

"தாராளமா. எல்லாம் திறந்துதான் இருக்கு."

பிறகு எழுத்தர் விதிகளைப் பொறுமையாக விளக்கினார். பதிவு என்ன தோற்றத்தில் இருக்கும் என்பதை எழுத்துகளாலும் சிறப்புக் குறிகளாலும் ஒரு வரியில் எழுதித் தர வேண்டும். அதற்குத் தேடல் வடிவம் என்று பெயர். அந்த வடிவம் கோடிக்கணக்கான பதிவுகளில் சரியாக ஒரே ஒரு பதிவோடு பொருந்த வேண்டும். இரண்டோடு பொருந்தினால் தள்ளுபடி, ஒன்றோடும் பொருந்தாவிட்டாலும் தள்ளுபடி. ஓர் ஆளுக்கு ஆயுளுக்கு மூன்று விண்ணப்பம். விண்ணப்பிக்க வேண்டுமானால் ஆணையமே நடத்தும் ஆறு வாரப் பயிற்சியில் சேர்ந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். மகள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். கணினி கொஞ்சம் தெரிந்தவள்.

"விட்டுடுங்களேன்ப்பா. அம்மா என்ன எழுதியிருக்கப் போறாங்க? உங்களத் திட்டித்தான் எழுதியிருப்பாங்க."

"திட்டினதாவே இருக்கட்டும். அதையாவது படிக்கணும்ல?"

மகள் கடைக்குப் போனாள். பயிற்சிக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

பயிற்சியாளர் இஸ்திரி கலையாத சட்டைக்காரர். முதல் நாளே கரும்பலகையில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார்.

"இத நீங்க வெறும் புள்ளின்னு நினைக்கிறீங்க. இல்ல. இது சிறப்புக் குறி. எந்த ஓர் எழுத்துக்குப் பதிலாவும் இது நிக்கும். ம, புள்ளி, ம் அப்படின்னு எழுதினா மரம் பொருந்தும், மடம் பொருந்தும், மனம் பொருந்தும். நட்சத்திரம் தனக்கு முன்னாடி இருக்கறத எத்தனை தடவை வேணாலும் வரவழைக்கும். புள்ளிக்குப் பக்கத்துல நட்சத்திரத்தப் போட்டா உலகத்துல இருக்கற எல்லாமே பொருந்தும். பேராசை பிடிச்ச குறி, பாத்துப் பயன்படுத்தணும். பொதுவா, சிறப்புக் குறிகள் தங்களக் குறிக்கறதில்ல. தங்களுக்குன்னு அதுங்களுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. மத்த எழுத்துங்க மேல அதிகாரம் பண்ணத்தான் அதுங்க இருக்கு. இந்த ஆணையத்துல எங்கள மாதிரின்னு வெச்சுக்குங்களேன்."

வகுப்பில் இருந்த பதினேழு பேரும் அதைச் சிரத்தையாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சாவிக்காரருக்கு முதல் இரண்டு நாள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்றாம் நாள், கடையில் அரத்தால் சாவி ராவிக்கொண்டிருக்கும்போது சட்டென்று பிடிபட்டது. எழுத்து என்றால் வெட்டிய பல். புள்ளி என்றால் இன்னும் வெட்டாமல் விட்டிருக்கும் பல், எப்படியும் வெட்டிக்கொள்ளலாம். நட்சத்திரம் சேர்த்தால் எல்லாக் கதவையும் திறக்கும் பொதுச்சாவி. அதற்குப் பிறகு அவர் வகுப்பில் கெட்டிக்காரராகிவிட்டார். சாவி அட்டைகளின் பின்பக்கமெல்லாம் தொப்பியும் நட்சத்திரமும் பின்சாய்கோடுமாக நிறைந்தன. தொப்பி போல இருக்கும் ^ குறியைப் போட்டால், அடுத்து வருவது பதிவின் தொடக்கம். பின்சாய்கோடு போட்டால் அடுத்து வரும் சிறப்புக் குறி தன் அதிகாரத்தை இழந்து சாதாரண எழுத்தாகிவிடும். அந்தப் பாடத்தை மட்டும் பயிற்சியாளர் கொஞ்சம் வேகமாக முடித்துவிட்டார்.

தேர்வில் மதிப்பெண் சுருக்கத்துக்கு. "ஒரு குறிய எடுத்துப் பாருங்க. பொருந்துற எண்ணிக்கை மாறலைன்னா அது வீண் குறி. வீண் குறி ஒண்ணுக்கு ரெண்டு மார்க் போச்சு" என்பார் பயிற்சியாளர். இது சாவிக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைசிப் பல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத்தை ராவித் தள்ளாமல் அவர் ஒரு சாவியைக்கூட ஆள் கையில் கொடுத்ததில்லை.

முதல் விண்ணப்பத்துக்கு அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யோசித்தார்கள். அவள் எப்படி ஆரம்பிப்பாள்?

"இங்க பாருங்க" என்றாள் மகள்.

"என்ன?"

"அம்மா அப்படித்தானேப்பா ஆரம்பிப்பாங்க. உப்புத் தீந்துபோனாலும் 'இங்க பாருங்க', வீடே தீப்பிடிச்சாலும் 'இங்க பாருங்க'."

அவர் சிரித்தார். ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தொப்பியைப் போட்டு, அடுத்து "இங்க பாருங்க" என்று எழுதி, அவர் விண்ணப்பத்தைக் கொடுத்தார்.

பதினான்கு நாளில் கடிதம் வந்தது. "தாங்கள் அளித்த வடிவம் 4,112 பதிவுகளுடன் பொருந்துகிறது. தங்கள் மனைவி போதிய தனித்தன்மை உடையவராக இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தள்ளுபடி."

சாவிக்காரர் அதைக் கடையில் வைத்து மூன்று தடவை படித்தார். நாலாயிரத்துச் சொச்சம் பேர் கட்டிலில் படுத்துக்கொண்டு, வாய் பேச முடியாமல், யாரையோ "இங்க பாருங்க" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தான் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அன்றைக்கு ஒரு சாவியைத் தப்பாக வெட்டினார்.

நான்காம் வாரம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவரை வெளியே கூப்பிட்டார்கள். பதிவறையின் கதவு பூட்டிக்கொண்டது, சாவி காணவில்லை. மாற்றுச்சாவி எங்கே என்று எழுதி வைத்த கோப்பை மூன்று அதிகாரிகள் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். சாவிக்காரர் பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தார். நாற்பது விநாடியில் கதவு திறந்துகொண்டது. உள்ளே குளிர்ந்த காற்று. வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றில் பச்சை விளக்குகள் மினுக்கி மினுக்கி எரிந்தன. இதில் ஏதோ ஒன்றில்தான் அவள் இருக்கிறாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"இங்கதாங்களா இருக்கு? ஆஸ்பத்திரியில எழுதினதெல்லாம்?"

"ஆமா, மூணாவது வரிசை" என்றார் மேலாளர். "வேலைதான் முடிஞ்சுதே. வெளிய நில்லுங்க, தூசி உள்ள போயிடும்."

அவர் வெளியே நின்றார். கதவைத் தேடல் வடிவம் இல்லாமல் திறந்ததற்காகச் சம்பவப் பதிவேட்டில் அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது விண்ணப்பத்தில் கண்ணாடியைச் சேர்த்தார். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள். இவர் எதை எங்கே மறந்து வைப்பார் என்று நினைவு வைத்திருப்பதே அவளுக்குப் பாதி வேலை. ஆனால் நட்சத்திரம் பேராசை பிடித்த குறி என்று பயிற்சியாளர் ஓயாமல் மிரட்டியிருந்ததால், "இங்க பாருங்க", "கண்ணாடி" இரண்டுக்கும் நடுவில் பயந்து பயந்து ஒற்றைப் புள்ளியோடு நிறுத்திக்கொண்டார்.

ஒன்றும் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. பயிற்சியாளர் தாளை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னய்யா நீங்க? நடுவுல ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கீங்க. உங்க மனைவி பேசறதுக்கு நீங்க குடுத்த இடம் இவ்வளவுதானா?"

அவர் கணக்குக்காகத்தான் சொன்னார். சாவிக்காரர் வீடு வரைக்கும் நடந்தே போனார். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் பேச ஆரம்பித்தபோதெல்லாம் இவர் கையில் ஏதாவது ஒரு பூட்டு இருந்தது. "சொல்லு, காதுல விழுது" என்பார். பாதியில் ராவும் சத்தம் எழும்பும். அவளும் அப்புறம் சொல்லலாம் என்று உள்ளே போய்விடுவாள். அந்த அப்புறங்கள் எல்லாம் எங்கே போயின என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தார்.

இனி மிச்சம் இருப்பது ஒரே ஒரு விண்ணப்பம். பத்து நாள் அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பி எழுதினார். முதலில் தாராளமாகவே எழுதியிருந்தார்: "இங்க பாருங்க.*கண்ணாடி.*" என்று. நடுவில் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். கடைசியிலும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். பயிற்சிக் கணினியில் இருந்த மாதிரிப் பதிவுகளில் சோதித்துப் பார்த்தார். கடைசிப் புள்ளியும் நட்சத்திரமும் இருந்தாலும் எண்ணிக்கை அதேதான், எடுத்துவிட்டாலும் அதேதான். வீண் குறி. அதற்காகவே தள்ளுபடியாகிவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் வழியில்லை. கடைசிப் பல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்ததை, கை பழக்கத்தில், ராவித் தள்ளினார். "இங்க பாருங்க.*கண்ணாடி" என்று மிஞ்சியது பார்க்கக் கச்சிதமாக இருந்தது.

அது ஒரே ஒரு பதிவோடு பொருந்தியது.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரில் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட்டவள் அவள் ஒருத்திதான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு குடிமகன் ஒரு பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். ஆணையம் ஆடிப்போனது. உடனே ஒரு விழா ஏற்பாடானது. நீல விரிப்பு போட்ட மேடை, ஒலிபெருக்கி, முன்வரிசையில் அதிகாரிகள், பின்வரிசையில் வகுப்பில் மிச்சமிருந்த பதினாறு பேர். சாவிக்காரர் துவைத்த சட்டை போட்டு, கழுத்தில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

ஆணையர் எழுந்தார்.

"இது நமது வெற்றி. எதையும் நாம் மறைப்பதில்லை என்பதற்கு இதோ, உயிருள்ள சாட்சி அமர்ந்திருக்கிறார். நம்மீது குறை சொல்பவர்கள் உண்டு. ஒன்பது ஆண்டுகளில் ஒருவருக்குத்தானா என்று கேட்பார்கள். நான் கேட்கிறேன், ஒருவருக்கும் இல்லாமல் இருந்தபோது நீங்கள் கேட்டீர்களா? இன்னொன்றையும் பெருமையோடு சொல்கிறேன். ஒரு பதிவு கிடைத்தால் அதை எப்படி வழங்குவது என்பதற்கு நம்மிடம் விதியே இருந்ததில்லை. தேவைப்படவில்லை. இவர் கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்ததும் கடந்த வியாழக்கிழமை ஒரே அமர்வில் விதிகளை வகுத்தோம். தேநீருக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான்கு பக்கம்!"

கைதட்டல் எழுந்தது. உறை கைமாறியது. புகைப்படக்காரருக்காக இன்னொரு தடவையும் கைமாறியது. சாவிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தார். உள்ளே கைக்குட்டையில் பாதி அளவுக்கு ஒரு சீட்டு இருந்தது.

"இங்க பாருங்க நாளைக்கு வரும்போது மறக்காம கண்ணாடி"

அதற்குக் கீழே பொடி எழுத்தில்: "பொருந்திய எழுத்துகள்: 25. பொருந்தாத எழுத்துகள்: 1,306. விதி 3-இன்படி பொருந்திய பகுதி மட்டுமே வழங்கப்படும்."

அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"மீதி எங்கீங்க?"

"மீதிக்கு நீங்க வடிவம் குடுக்கலையே. 'கண்ணாடி'யோட நிறுத்திட்டீங்க. கடைசியில ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தா முழுசும் வந்திருக்கும்."

"போட்டிருந்தேங்க. நாந்தான் எடுத்துட்டேன். இப்ப போட்டுத் தர்றேன். பேனா இருக்குங்களா?"

"விதி நாலு" என்றார் மேலாளர். வருத்தமாகத்தான் சொன்னார். "கண்டெடுத்த பதிவு தீர்வு ஆனதாக் கணக்கு. பொருந்தாத பகுதிய நேத்தே அழிச்சாச்சு. இல்லைன்னா உங்க மனைவியோட அந்தரங்கம் என்ன ஆவறது?"

அதற்குள் பேசச் சொல்லி ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் சீட்டில் இருந்ததையே படித்தார். "இங்க பாருங்க, நாளைக்கு வரும்போது மறக்காம கண்ணாடி." அதோடு நின்றார். கூட்டம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று எல்லோரையும்விட முதலில் புரிந்தது ஆணையருக்குத்தான். அவர் தட்ட ஆரம்பித்ததும் மற்றவர்களும் தட்டினார்கள்.

மகள் வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு வந்தாள். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். சீட்டு மேசைமேல் இருந்தது. அவள் எடுத்துப் படித்தாள். கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எடுத்துட்டு வாங்கன்னுதான்ப்பா இருக்கும் அடுத்து. 'மறக்காம கண்ணாடி எடுத்துட்டு வாங்க'."

"அது பத்து எழுத்துகூட வராதும்மா. ஆயிரத்து முந்நூத்தி ஆறு எழுதியிருக்கா."

"ஆயிரத்து முந்நூறுன்னா எவ்வளவுப்பா வரும்?"

"அவ ஒவ்வொண்ணாத் தேடித் தேடி அழுத்துவா. ஓர் எழுத்துக்கு மூணு விநாடி ஆகும். ஒரு மணி நேரத்துக்கு மேல வருது. நர்ஸ் சொன்னது சரிதான்." சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவ்வளவு நேரம் எங்கிட்ட பேசியிருக்காம்மா. நான்தான் அதையும் ராவிப்புட்டேன்."

மகள் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளை அழவிட்டார். பிறகு அவள் முகம் கழுவப் போனதும், பயிற்சி நோட்டை எடுத்து ஒரு வெள்ளைப் பக்கத்தைப் பிரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சீட்டில் இருந்த இருபத்தைந்து எழுத்தையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். அதை அடுத்து ஒரு புள்ளி வைத்தார். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு புள்ளி. மறுபடி நிறுத்தி இன்னொன்று.

"என்னப்பா பண்றீங்க?" என்று கேட்டாள் திரும்பி வந்த மகள்.

"அம்மா எழுதினத எழுதறேன். புள்ளி எந்த எழுத்தா வேணாலும் இருக்கலாம்ல."

அவள் எதிரே உட்கார்ந்து எண்ணினாள். அவர் அவசரப்படவில்லை. நூறு ஆனதும் அவள் "நூறு" என்பாள், அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை வைப்பார். கடைத்தெருவிலிருந்து யாரோ பூட்டுத் திறக்கக் கூப்பிட்டார்கள். மகளே போய், அப்பா வேலையாக இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள். மூன்று பக்கம் நிறைந்தது. ஆயிரத்து முந்நூற்று ஆறாவது புள்ளியை வைத்தபோது ஒரு மணி நேரம் கடந்திருந்தது.

அவர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி, "இங்க பாருங்க" என்ற இடத்தில் விரலை வைத்து, அவள் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார்.